சரித்திரக் காதல் கதைகளில் தேவதைகளும் மந்திரமும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஸ்காட்லாந்து மலைநாடு, அயர்லாந்துக் கிராமம், லண்டன் மாளிகை என்று போகும் ஆங்கில சரித்திரக் காதல் நாவல்களை விரும்பிப் படிப்பவர்களுக்கும், அந்தக் களத்தில் தமிழில் எழுதிப் பார்க்க நினைப்பவர்களுக்கும் இந்தப் பக்கம். தேவதை, சூனியம், சகுனம் எல்லாம் கதைக்குள் வரும்போது எழும் சந்தேகங்களை மட்டும் எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

தேவதை வந்துவிட்டால் அது எப்படிச் சரித்திரக் கதை ஆகும்? மாயாஜாலக் கதைதானே?

யார் கண்ணுக்குத் தேவதை தெரிகிறது என்பதைப் பொறுத்தது. கதை சொல்பவரே "குன்று பிளந்தது, அவள் வெளியே வந்தாள்" என்று எழுதினால் மாயாஜாலம்தான். 1690இல் வாழும் ஓர் இடையன் குன்றின் மேல் வெளிச்சம் நகர்வதைப் பார்த்து, தேவதைகள் குடிமாறுகிறார்கள் என்று மாடுகளை வேறு வழியாக ஓட்டிப் போனால் அது சரித்திரம். மூன்று மாதத்துக்கு ஒரு முறை அவர்கள் வீடு மாற்றுவார்கள் என்று அன்றைய மலைநாட்டு மக்கள் நம்பினார்கள். அந்த நாள்களில் வழியில் எதிர்ப்படாமல் இருக்கக் கவனமாக இருந்தார்கள். வேறு ஞாயிறுகளில் தேவாலயப் பக்கமே எட்டிப் பார்க்காதவர்கள்கூட ஒவ்வொரு காலாண்டின் முதல் ஞாயிறு மட்டும் காப்புக்காக வந்துவிடுவார்களாம். இதை எழுதிவைத்தவர் ஒரு பாதிரியார்.

அவ்வளவு தூரம் நிஜமாகவே நம்பினார்களா? படித்தவர்களுமா?

மேலே சொன்ன பாதிரியாரையே எடுத்துக்கொள்வோம். பெயர் ராபர்ட் கிர்க். ஸ்காட்லாந்தில் அபர்ஃபாயில் என்ற ஊரின் குரு. பைபிளின் சங்கீதப் பாடல்களை மலைநாட்டு மக்களின் கேலிக் (Gaelic) மொழியில் 1684இல் வெளியிட்ட அறிஞர். பாமரர் என்று தள்ளிவிட முடியாது. 1691 வாக்கில் அவர் தேவதைகளைப் பற்றி ஒரு நூல் எழுதினார். அவர்கள் உடல் எப்படிப்பட்டது, என்ன சாப்பிடுகிறார்கள், யார் கண்ணுக்குத் தெரிகிறார்கள் என்று, ஓர் அண்டை நாட்டைப் பற்றி எழுதுவதுபோல நிதானமாக எழுதினார். அவர் நோக்கம் இன்னும் விசித்திரம்: கண்ணுக்குத் தெரியாத உலகம் உண்டு என்று காட்டினால்தான் நாத்திகர் வாயை அடைக்க முடியும்! 1815இல்தான் அது அச்சேறியது.

1692 மே மாதம் ஊருக்குப் பக்கத்திலிருந்த டூன் குன்றில் உலாவப் போனவர் அங்கேயே விழுந்து இறந்தார். ஊர் அதை ஒப்புக்கொள்ளவில்லை. தங்கள் ரகசியத்தை எழுதியதற்காகத் தேவதைகள்தான் அவரை எடுத்துப் போய்விட்டார்கள் என்றது. பிறகு அவர் உறவினர் ஒருவருக்குத் தோன்றி, "நான் சாகவில்லை, சிறைப்பட்டிருக்கிறேன். என் குழந்தையின் ஞானஸ்நானத்தின்போது வருவேன். நம் உறவினன் டச்ரே கிரஹாம் தன் கத்தியை என் தலைக்கு மேல் வீசினால் விடுபடுவேன்" என்று சொன்னாராம். சொன்னபடி வந்தாராம். டச்ரே கிரஹாம் கையில் கத்தியும் இருந்தது. ஆனால் திகைத்துப்போய் அப்படியே நின்றுவிட்டார். கிர்க் மறைந்துவிட்டார்.

என்னைக் கேட்டால், இந்தக் காலகட்டத்தைத் தொடும் எந்தக் காதல் நாவலையும்விட இந்த ஒரு ஊர்ப்பேச்சில் கதை அதிகம்.

சிறகு, மந்திரக்கோல், விரலளவு உருவம்?

கிராமத்து நம்பிக்கையில் இவற்றுக்கு இடமில்லை. உருவத்தைச் சுருக்கியதில் 1590களின் லண்டன் நாடக மேடைக்குப் பெரும் பங்கு உண்டு. கோல் பிரெஞ்சு அரண்மனை வட்டாரக் கதைகளின் வழியாகப் பரவியது. சிறகு 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஓவியர்கள் ஒட்டியது. 1832இல் பாரிஸில் 'லா சில்ஃபீட்' பாலே அரங்கேறியபோது மேடைக்கும் சிறகு வந்துவிட்டது. 1745இல் மலைநாட்டுப் பெண் ஒருத்தி பூவின் மேல் பட்டுச் சிறகுடன் உட்கார்ந்த குட்டித் தேவதையைப் பார்த்ததாக எழுதியிருந்தால் புத்தகத்தை மூடிவிடலாம்.

மக்கள் நம்பியவர்கள் பெரும்பாலும் மனித உயரம். பச்சை உடுத்துவார்கள், குதிரை ஏறுவார்கள், மாடு வளர்ப்பார்கள், கல்யாணம் செய்துகொள்வார்கள், சண்டை போடுவார்கள். பிரசவம் பார்க்க மருத்துவச்சி, பால் கொடுக்கத் தாய், நல்ல இசைக்காரன், அழகான வாலிபன் என்று மனிதர்களிடமிருந்து அவர்களுக்கு ஏதாவது தேவைப்பட்டுக்கொண்டே இருக்கும். பயத்தின் வேர் அங்கேதான்.

பாத்திரம் நம்புகிறது என்பதை எப்படிக் காட்டுவது? வசனத்தில் சொல்லவைக்கலாமா?

"எனக்குத் தேவதைகள் மேல் நம்பிக்கை உண்டு" என்று அந்தக் காலத்தில் யாரும் சொல்லிக்கொண்டு திரியவில்லை. பெயரைச் சொல்வதே ஆபத்து. அயர்லாந்தில் 'நல்லவர்கள்' என்பார்கள், ஸ்காட்லாந்தில் 'நல்ல அண்டை வீட்டார்', வேல்ஸில் 'அழகுக் குடும்பத்தார்'. நம் ஊரில் ராத்திரி நேரத்தில் பாம்பைப் பூச்சி என்பதும், வைசூரி கண்ட வீட்டில் அம்மா வந்திருக்கிறாள் என்பதும் போலத்தான்.

நம்பிக்கை கைவேலையில் தெரியும். தொட்டிலின் மேல் குறுக்கே ஒரு இரும்புச் சாமான் கிடக்கும். மாட்டுக் கொட்டகை வாசலில் ரோவன் மரக் குச்சிகளைச் சிவப்பு நூலால் கட்டியிருப்பார்கள். கறந்த பாலில் கொஞ்சம் தரையில் சிந்தும், யாரும் திட்டமாட்டார்கள். உழும்போது கிடைக்கும் சிறு கல் அம்புமுனை ஒன்றை வீட்டில் பத்திரப்படுத்தியிருப்பார்கள். கற்கால மனிதன் செதுக்கியது அது என்று நமக்குத் தெரியும். அவர்களுக்கு அது மாட்டின் மேல் நோயாக எய்யப்பட்ட தேவதை அம்பு. வசதியுள்ளவர்கள் வெள்ளி பூட்டி அணிந்துகொண்டார்கள்.

தேவதைகளின் வீட்டில் சாப்பிடக்கூடாது, சாப்பிட்டால் திரும்ப முடியாது. அங்கே ஒரு ராத்திரி ஆடினால் வெளியே ஆண்டுகள் போயிருக்கும். அயர்லாந்தில் வட்டமான பழைய மண்கோட்டைகளை உழக்கூடாது, அங்குள்ள முள்மரத்தை வெட்டக்கூடாது. அவை ஆயிரம் ஆண்டுகளுக்கு முந்தைய விவசாயிகளின் வீட்டுச் சுற்றுமதில்கள். 40,000க்கு மேல் எஞ்சியிருப்பதற்கு இந்தப் பயமும் ஒரு காரணம். புதிதாக நிலம் வாங்கி வந்த ஆங்கிலேயக் கதாநாயகன் அந்த மரத்தை வெட்டச் சொல்கிறான், கூலியாள் எவனும் கோடாலியைத் தொடவில்லை. இரண்டு பக்க வசனம் மிச்சம்.

காதலுக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

ஸ்காட்லாந்தின் எல்லைப் பகுதியில் பாடப்பட்ட டாம் லின் கதைப்பாடலைத் தெரிந்துகொண்டால் இந்தக் கேள்வி வராது. 1549இலேயே இதைப் பற்றிய குறிப்பு இருக்கிறது. நடக்கும் இடம் கார்ட்டர்ஹா, செல்கர்க் ஊருக்குப் பக்கத்தில் எட்ரிக், யாரோ என்ற இரண்டு ஆறுகள் கூடும் காடு. இன்றும் போய்ப் பார்க்கலாம்.

கன்னிப்பெண்கள் அந்தக் காட்டுப் பக்கம் போகக்கூடாது என்பது ஊர்க் கட்டளை. ஜேனட் போகிறாள். ரோஜாவைப் பறிக்கிறாள். என் காட்டில் ஏன் பறித்தாய் என்று டாம் லின் எதிரே வந்து நிற்கிறான். இது என் அப்பா எனக்குக் கொடுத்த நிலம், உன்னைக் கேட்க வேண்டியதில்லை என்கிறாள். (சொத்துச் சண்டையில் தொடங்கும் காதல்!) கர்ப்பத்தோடு வீடு திரும்புகிறாள். வீட்டில் கேள்வி எழுகிறது. யாரையும் குறை சொல்லவில்லை, என் பழியை நானே சுமப்பேன் என்கிறாள். திரும்பவும் காட்டுக்குப் போய், நீ மனிதனா என்று கேட்கிறாள். மனிதன்தான் என்கிறான் அவன். வேட்டையில் குதிரையிலிருந்து விழுந்தபோது தேவதை ராணி பிடித்துப் போய்விட்டாள். ஏழாண்டுக்கு ஒருமுறை அவர்கள் நரகத்துக்கு ஓர் உயிரைக் கப்பமாகக் கட்ட வேண்டும், இந்த முறை நானாக இருக்குமோ என்று பயமாக இருக்கிறது. இன்று ஹாலோவீன் இரவு. நடுநிசியில் ஊர்வலம் வரும். கறுப்புக் குதிரையை விடு, பழுப்புக் குதிரையை விடு, வெள்ளைக் குதிரைக்காரனை இழுத்துப் பிடி. உன் கைக்குள்ளேயே என்னைப் பாம்பாக்குவார்கள், கரடியாக்குவார்கள், சிங்கமாக்குவார்கள், பழுக்கக் காய்ச்சிய இரும்பாக்குவார்கள். விட்டுவிடாதே.

அவள் விடவில்லை. கடைசியில் எரியும் கங்காக மாறியவனைக் கிணற்று நீரில் எறிகிறாள். நிர்வாணமாக எழுந்து வரும் மனிதனைத் தன் பச்சைப் போர்வையால் மூடுகிறாள். இப்படி ஆகும் என்று தெரிந்திருந்தால் உன் கண்ணைப் பிடுங்கிவிட்டு மரத்தால் கண் வைத்திருப்பேனே என்று ராணி புலம்புகிறாள்.

இதில் காப்பாற்றுகிறவள் பெண், காப்பாற்றப்படுகிறவன் ஆண். மந்திரம் முழுக்க ராணியின் பக்கம். ஜேனட்டிடம் இருப்பது பிடி மட்டும். இன்றைய மலைநாட்டுக் காதல் நாவல்கள் பலவற்றில் கதாநாயகிக்குப் பிறவியிலேயே மாய சக்தி ஒன்றைக் கொடுத்துவிடுகிறார்கள். ஜேனட்டுக்கு அப்படி எதையாவது கொடுத்திருந்தால் பாடல் பாதியிலேயே செத்திருக்கும்.

இவ்வளவு அழகான நம்பிக்கை. இதில் கெடுதல் என்ன இருக்க முடியும்?

வெள்ளைக் குதிரை மேல் வரும் காதலனை இழுத்துப் பிடிக்க ஜேனட் காத்திருந்தாள் அல்லவா? 1895 மார்ச்சில் அயர்லாந்தின் டிப்பரரி மாவட்டத்தில் ஒருவன் அதேபோலக் காத்திருந்தான். பெயர் மைக்கேல் கிளியரி, பீப்பாய் செய்யும் தொழிலாளி. கைலனக்ரானா என்ற மண்கோட்டையில் ராத்திரியில் உட்கார்ந்து, தன் மனைவி வெள்ளைக் குதிரையில் வெளியே வருவாள், கறுப்புப் பிடி போட்ட கத்தியால் கட்டை அறுத்து அவளை மீட்டுவிடலாம் என்று அக்கம்பக்கத்தாரிடம் சொன்னான். அவன் மனைவி பிரிட்ஜெட் அதற்குள் இறந்துவிட்டிருந்தாள். எரித்தவன் அவனே.

பிரிட்ஜெட் பாலிவாட்லி கிராமத்துத் தையல்காரி. வயது இருபத்தாறு. சொந்தத் தையல் இயந்திரம், கோழி வளர்ப்பு, கையில் சொந்தக் காசு என்று இருந்தவள். முட்டை கொடுக்கப் போன இடத்தில் குளிர் தாக்கிப் படுத்தாள். மருத்துவர் வந்து பார்த்தார், பாதிரியாரும் வந்து போனார். ஆனால் வீட்டுக்குள் வேறு பேச்சு ஓடியது: படுத்திருப்பவள் அவள் இல்லை, அவளை எடுத்துக்கொண்டு அவர்கள் விட்டுப் போன மாற்று உரு. மூலிகைக் கஷாயத்தை வாயில் புகட்டினார்கள். கடவுள் பெயரால் நீ மைக்கேல் கிளியரியின் மனைவி பிரிட்ஜெட்தானா என்று மூன்று முறை கேட்டார்கள். மார்ச் 15ஆம் தேதி இரவு கணவன் அவள் மேல் விளக்குக்கு ஊற்றும் மண்ணெண்ணெயை ஊற்றி எரித்தான். உறவினர்கள் அதே வீட்டில் இருந்தார்கள். ஒரு வாரம் கழித்து ஆழமில்லாத குழியிலிருந்து உடலை எடுத்தது போலீஸ். கொலைக்குச் சற்றுக் குறைந்த குற்றமாகக் கணக்கிட்டு அவனுக்கு 20 ஆண்டு தண்டனை கிடைத்தது. 1910இல் வெளியே வந்து, பிறகு கனடாவுக்குப் போய்விட்டான்.

குழந்தைகள் விஷயத்தில் இது இன்னும் பழையது. பேச்சு வராத, நடக்க முடியாத குழந்தையை மாற்றுக் குழந்தை என்றார்கள். 1826இல் கெர்ரி மாவட்டத்தில் நாலு வயதுச் சிறுவன் ஒருவனை, தேவதையை விரட்டுவதாகச் சொல்லி ஆற்றில் முக்கியதில் அவன் இறந்தான். அவனைத் தண்ணீரில் முக்கிய மூதாட்டியை நீதிமன்றம் விடுதலை செய்தது.

பாடலிலும் கிளியரி வீட்டிலும் இருந்தது ஒரே நம்பிக்கை, ஒரே வெள்ளைக் குதிரை. டாம் லின்னை மட்டும் எடுத்துக்கொண்டு பிரிட்ஜெட்டை விட்டுவிடும் நாவல் எனக்குச் சப்பென்று இருக்கும். காதல் கதைக்குள் இவ்வளவு கொடூரம் தேவையில்லை என்று நீங்கள் சொல்லலாம். குறைந்தபட்சம், கதாநாயகிக்குக் காய்ச்சல் வந்து உளறும் காட்சியில் அடுப்படியில் யாரோ இரும்புக் கரண்டியைப் பழுக்கவைக்கிறார்கள் என்றாவது எழுதலாமே. படித்தவருக்குப் புரியும்.

என் கதாநாயகி 1815 லண்டனில் வாழும் சீமாட்டி. அவள் இதையெல்லாம் நம்பலாமா?

நேராக நம்பினால் பொருந்தாது. அவள் வீட்டில் அது நாகரிகக் குறைவு. ஆனால் அவளைச் சுற்றி மூன்று வாசல்கள் திறந்திருக்கின்றன. ஒன்று, அயர்லாந்திலிருந்தோ மலைநாட்டிலிருந்தோ வந்த செவிலித்தாய். இரண்டு, புத்தகம்: வால்டர் ஸ்காட் 1802–03இல் வெளியிட்ட எல்லைப்பகுதிக் கதைப்பாடல் தொகுப்பில் டாம் லின் இருக்கிறது, கூடவே தேவதைகளைப் பற்றிய நீண்ட கட்டுரையும். அவள் வீட்டு அலமாரியில் அது இருந்தால் யாரும் ஆச்சரியப்பட மாட்டார்கள். மூன்று, விளையாட்டு. வருங்காலக் கணவன் யார் என்று பார்க்கும் சடங்குகள் பெண்களிடையே நிறைய. இரண்டு கொட்டைகளுக்கு இருவர் பெயர் வைத்துத் தணலில் போடுவார்கள். சேர்ந்து அமைதியாக எரிந்தால் பொருத்தம், ஒன்று வெடித்துத் துள்ளினால் போச்சு. கண்ணாடி முன்னால் தனியாக ஆப்பிள் தின்றால் தோளுக்குப் பின்னால் அவன் முகம் தெரியும். கவிஞர் ராபர்ட் பர்ன்ஸ் 1786 தொகுப்பில் இருக்கும் ஹாலோவீன் கவிதையில் இவற்றை வரிசையாகப் பாடி, அடிக்குறிப்பும் தானே எழுதியிருக்கிறார். காதல் நாவலுக்கு இதைவிட வசதியான சரக்கு கிடைக்காது. பகலில் சிரித்துக்கொண்டே கொட்டையைத் தணலில் போட்டவள், அது வெடித்ததும் ராத்திரி தூங்காமல் கிடந்தால் போதும்.

சூனியக்காரி என்று எரிக்கும் காட்சி வைக்கலாமா?

இடத்தையும் ஆண்டையும் பாருங்கள். இங்கிலாந்தில் சூனியக் குற்றத்துக்குத் தூக்கு. ஸ்காட்லாந்தில் பெரும்பாலும் கழுத்தை நெரித்துக் கொன்ற பிறகு உடலை எரித்தார்கள். கடைசி நிகழ்வாகச் சொல்லப்படுவது 1727இல் டார்னக் ஊரில் நடந்தது. 1735ஆம் ஆண்டுச் சட்டம், மறு ஆண்டு நடைமுறைக்கு வந்து, நிலைமையைத் தலைகீழாக்கியது: சூனியம் வைப்பது குற்றமாக இல்லாமல் போய், சூனியம் தெரியும் என்று ஏமாற்றுவது குற்றமானது. அதிகபட்சம் ஓராண்டுச் சிறை. ஆகவே 1740களில் நீதிபதி உட்கார்ந்து சூனிய வழக்கை விசாரித்து மரண தண்டனை கொடுக்கும் காட்சி தவறு. ஊர்க்கும்பல் பிடித்துக்கொண்டு போவது நடக்கக்கூடியதே. 1751இல் டிரிங் என்ற ஊருக்குப் பக்கத்தில் ரூத் ஆஸ்போர்ன் என்ற மூதாட்டியைக் குளத்தில் முக்கிக் கொன்றார்கள். இந்த முறை சட்டம் தூக்கில் போட்டது கும்பலின் தலைவனை.

ஸ்காட்லாந்தின் பழைய வழக்குகளில் சூனியமும் தேவதையும் கலந்தே கிடக்கும். 1576இல் பெஸ்ஸி டன்லப் தனக்கு மூலிகை சொல்லிக்கொடுத்தவர், 29 ஆண்டுக்கு முன் போரில் இறந்த டாம் ரீட் என்றாள். அவர் தேவதைகளோடு வாழ்கிறார் என்றாள். 1662இல் இசபெல் கவுடி, குன்றுக்குள் தேவதை ராணி தனக்குத் தின்னத் தின்னத் தீராத இறைச்சி கொடுத்ததாக வாக்குமூலம் தந்தாள். பட்டினி கிடந்தவர்களின் சொர்க்கத்தில் முதலில் வருவது சாப்பாடு.

கடைசியில் எல்லாவற்றுக்கும் விளக்கம் கொடுத்துவிட வேண்டுமா?

1790களில் திகில் நாவலாசிரியர் ஆன் ராட்கிளிஃப் அப்படித்தான் செய்தார். நானூறு பக்கம் நடுங்கவைத்துவிட்டு, திரைக்குப் பின்னால் இருந்தது மெழுகு பொம்மை என்பார். அன்றே பலர் ஏமாந்ததாக முனகினார்கள். எதிர்த் திசையில் போனவர் ஸ்காட். 1820இல் ஒரு நாவலில் வெள்ளைச் சீமாட்டி என்ற ஆவியை நேராகவே நடமாடவிட்டு, கிண்டலுக்கு ஆளாகி, அது எடுபடவில்லை என்று பிறகு தானே ஒப்புக்கொண்டார். அதற்கு முந்திய ஆண்டு எழுதிய 'லாமர்மூர் மணமகள்' வேறு மாதிரி. பழைய தீர்க்கதரிசன வாக்கு ஒன்று உண்டு, கிழவிகள் முணுமுணுக்கிறார்கள், கதாநாயகன் வாக்கில் சொன்னபடியே புதைமணலில் போகிறான். விதியா, தற்செயலா என்று ஸ்காட் தீர்ப்புச் சொல்வதில்லை. என் ஓட்டு இதற்கே.

படித்த, பணக்கார ஆண் பாத்திரம் நம்பினால் கேலியாக இருக்காதா?

ஸ்கை தீவில் டன்வேகன் கோட்டையில் மெக்லியட் குலத்தாரின் தேவதைக் கொடி கண்ணாடிச் சட்டத்தில் இருக்கிறது. நைந்துபோன பட்டு. கிழக்கு நாடுகளிலிருந்து வந்த துணி என்று லண்டன் அருங்காட்சியக நிபுணர் ஒருவர் விளக்கியபோது, குலத் தலைவர் சர் ரெஜினால்ட், நீங்கள் அப்படி நம்பலாம், ஆனால் இது என் மூதாதைக்குத் தேவதைகள் கொடுத்தது என்று எனக்குத் தெரியும் என்றாராம். நிபுணர் தலைவணங்கிவிட்டார். நடந்தது இருபதாம் நூற்றாண்டில்.

இப்போதும் யாராவது நம்புகிறார்களா?

1999இல் அயர்லாந்தின் கிளேர் மாவட்டத்தில் லட்டூன் என்ற இடத்தில் நெடுஞ்சாலைக்காக ஒரு முள்மரத்தை வெட்டப் போனார்கள். கதைசொல்லி எடி லெனிஹன், அது தேவதைகள் கூடும் மரம், வெட்டினால் சாலையில் உயிர்ப்பலி விழும் என்று பத்திரிகைகளில் எழுதினார். சாலைதான் விலகிப் போனது. பொறியாளர்கள் நம்பினார்களா என்று கேட்டால், சாலைக்காக யாரும் வெட்டவில்லை என்பதுதான் பதில்.

'ஓராண்டும் ஒரு நாளும்' கைப்பிணைப்புக் கல்யாணம் உண்மையா?

கைபிடித்து ஓராண்டும் ஒரு நாளும் சேர்ந்து வாழ்ந்து பார்ப்பதாக மலைநாட்டு நாவல்களில் தவறாமல் வரும் இது, பழைய ஸ்காட்லாந்தில் பெரும்பாலும் நிச்சயதார்த்தத்தைக் குறித்தது. சோதனைக் கல்யாணமாக அதைப் பரப்பியதில் ஸ்காட்டுக்குப் பங்குண்டு. மேலே சொன்ன அதே 1820 நாவல்தான்.

எந்த நாள்களில் இப்படிப்பட்ட காட்சிகளை வைக்கலாம்?

ஹாலோவீன், அக்டோபர் 31. மே தினத்துக்கு முந்தைய இரவு, ஏப்ரல் 30. பால், வெண்ணெய் களவு போகும் பயமெல்லாம் அன்றுதான். நடுக்கோடை இரவு, ஜூன் 23. கனவில் கணவனைப் பார்க்க வேண்டுமானால் புனித ஆக்னஸ் தினத்தின் முந்தைய இரவு, ஜனவரி 20. இரவுச் சாப்பாட்டைத் தவிர்த்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் படுக்கப் போக வேண்டும். உங்கள் கதை 1752க்கு முந்தையது என்றால் ஒரு கணக்கு: அந்த ஆண்டு செப்டம்பரில் பிரிட்டன் நாள்காட்டியை மாற்றி 11 நாள்களைத் தாண்டியது. 1745 ஹாலோவீனன்று நிலா எப்படி இருந்தது என்று இணையத்தில் தேடினால், பழைய கணக்கில் தேடுகிறீர்களா புதிய கணக்கிலா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.